அரை அங்குலம்

ஜூன் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடைசிப் பெட்டி எழுதுகிறேன். இங்கே அவரும் நானும் சௌக்கியம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

முதலில் நல்ல சேதி. ஒன்பது வருஷம் கழித்து எனக்கு இப்போது ஆறாவது மாதம் நடக்கிறது. அசையாமல் படுத்தே கிடக்கணும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கட்டில், கட்டிலை விட்டால் ஜன்னல், அவ்வளவுதான் என் உலகம். ஜன்னலுக்கு வெளியே ரயில்வே யார்டு. நாள் முழுக்கப் பெட்டியும் பெட்டியும் முட்டிக்கொள்கிற சத்தம். நீ இங்கே இருந்தால் சொர்க்கம் என்பாய். எனக்கு மண்டை இடி.

உங்கள் பக்கத்து வீட்டு டைப்பிஸ்ட் அக்கா மார்ச்சில் எழுதியிருந்தாள், அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள் என்று. அப்புறம் நான் அவளுக்கு எழுதியது திரும்பி வந்துவிட்டது. வீட்டைக் காலி பண்ணிவிட்டாளாமே. இனிமேல் உன்னை விட்டால் எனக்குக் கேட்க நாதியில்லை. அம்மாவுக்குக் கண் தெரிந்தால் அவளே எழுதியிருப்பாள்.

போன வருஷம் நடந்ததை நீ இன்னும் மனசில் வைத்திருக்கிறாய் என்று தெரியும். சாப்பிடும்போது அவர் பேசியது தப்புதான். அதற்கு அவரே மன்னிப்புக் கேட்டு எழுதினார், நீ பதில்கூடப் போடவில்லை. மறுநாள் நாங்கள் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பெட்டி படுக்கையை வெளியே வைத்துக் கேட்டைப் பூட்டினாயே, அதுகூடப் போகட்டும். நாங்கள் போட்ட சத்தத்தில் அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து விழுந்தாளே, அந்தச் சத்தம் இன்னும் காதுக்குள்ளேயே இருக்கிறது.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அம்மாவை ஒரு தடவை பார்க்கணும். பேறு முடிந்ததும் வருகிறேன், கேட்டைத் திறந்துவிடு. அதற்கு முன்னால் அவளுக்கு ஏதாவது என்றால் உடனே எழுது. டாக்டரம்மா என்ன சொன்னாலும் சரி, எழுந்து வந்துவிடுவேன்.

அம்மாவின் கையைப் பிடித்து நான் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

&nbsp;

ஜூன் 15

கடைசிப் பெட்டிக்கு எஞ்சின் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை. பெயிண்ட் கடையில் கவுன்டரில் நிற்கிறேன், நின்றுகொண்டே இருக்கிறேன். நேற்று ஒருவன் வந்து "இந்தப் பச்சை கொஞ்சம் அடர்த்தியா இருக்கோ?" என்று கேட்டான். டப்பாவில் இருக்கிற நம்பரைப் படித்துவிட்டு, "அதெல்லாம் சரியா இருக்கும் சார்" என்றேன். இருபத்திரண்டு வருஷமாக நம்பரை வைத்தே காலம் தள்ளுகிறேன். இதைக் கேட்டால் எஞ்சின் ஓட்டுகிற உன் டிரைவர் புருஷன் ரசிப்பார், சொல்லு.

நம் வீட்டுச் சட்டம் உனக்கு மறந்திருக்காது. மொட்டை மாடியில் நான் எஞ்சின், என் சட்டை வாலைப் பிடித்துக்கொண்டு வருகிற நீ கடைசிப் பெட்டி. நான் கேட்கிற ரயில் கேள்விக்குப் பதில் சொன்னால்தான் வண்டி நகரும். பதில் தெரியாமல் நீ மூக்கைச் சிந்தினால், அம்மாகூட உன் பக்கம் வரமாட்டாள். "அவன் கேட்டதுக்கு முதல்ல பதிலைச் சொல்லுடி" என்பாள்.

அதே சட்டம்தான் இப்போதும். மொத்தம் ஐந்து கேள்வி. ஒவ்வொரு சரியான பதிலுக்கும் அம்மாவைப் பற்றி ஒரு சேதி எழுதுவேன், அது உண்மையாக இருக்கும். பதில் தப்பென்றால் சிவப்பு. அந்தக் கடிதத்தில் சேதி கிடையாது, அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். ஐந்தாவது சரியானால் கேட் திறக்கும்.

உன் டிரைவர் இந்தப் பக்கம் தலை காட்டினால் ஆட்டம் அதோடு முடிந்தது. வாசலில் இன்னொரு தடவை கூச்சல் கேட்டால் அவள் தாங்கமாட்டாள் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

முதல் கேள்வி உனக்காகச் சுலபமாக வைத்திருக்கிறேன். ரயில் எஞ்சினில் மணல் எதற்கு?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

&nbsp;

ஜூன் 25

அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கே அம்மா சுகமா என்று கேட்கக்கூட நான் பரீட்சை எழுத வேண்டியிருக்கிறது. கல் மனசுடா உனக்கு. கோபத்தில் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். அப்புறம் அவரையே எடுத்துத் தரச்சொல்லி, நீவிவிட்டுப் படித்தேன். என்ன செய்வது, குனிந்து எடுக்கக்கூட எனக்கு அனுமதி இல்லை.

பதில் இதோ. மழையிலும் பனியிலும் தண்டவாளம் வழுக்கும். சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும், வண்டி நகராது. அதற்காகச் சக்கரத்துக்கு முன்னால் குழாய் வழியாக மணல் தூவுவார்கள். அவர்தான் சொன்னார். "இதெல்லாம் ஒரு கேள்வியா? உங்கண்ணன் என்னைக் கேட்டிருந்தா ஒரு மூட்டையே அனுப்பியிருப்பேனே" என்று சிரித்தார். அவர் மனசில் ஒன்றும் கிடையாது அண்ணா, வாய்தான் கொஞ்சம் நீளம்.

தபால் இங்கே வர நாலு நாள், அங்கே போக நாலு நாள் ஆகிறது. நடுவில் நீ எத்தனை நாள் ஆறப்போடுகிறாய் என்பதைத்தான் எண்ணிக்கொண்டு கிடக்கிறேன். அம்மா என்ன சாப்பிடுகிறாள், தூங்குகிறாளா, இதையாவது எழுது.

உன் தங்கை

&nbsp;

ஜூலை 8

கடைசிப் பெட்டிக்கு,

நலமே. சரியான பதில். பச்சை என்று சொல்கிறார்களே, அதுதான்.

உனக்குச் சேர வேண்டிய சேதி: அம்மா இப்போது எழுந்து நடப்பதில்லை. பின்கட்டு அறையில், தண்டவாளத்தைப் பார்த்த ஜன்னலோரம் கட்டில் போட்டிருக்கிறேன். காலையில் அரை டம்ளர் பால் குடிக்கிறாள். கம்பவுண்டர் தினமும் வந்து ஊசி போடுகிறார். சாயந்திரம் வண்டி போகிற சத்தம் கேட்டால், "அவ வர்ற வண்டியாடா?" என்று கேட்கிறாள். அது கூட்ஸ் வண்டி.

இது ஒரு சேதிக்கு அதிகம்தான். தாராளமாகவே தந்திருக்கிறேன்.

இரண்டாவது கேள்வி. எஞ்சின் ஓட்டுகிறவனுக்கு இது தெரியாது, ஓட்டுவதற்கு இது தேவையும் இல்லை. ரயிலை நேசிக்கிறவனுக்குத்தான் தெரியும். உலகத்து ரயில் பாதைகளில் பாதிக்கு மேல் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே இருக்கிற அகலம் நாலு அடி எட்டரை அங்குலம். நாலு அடி எட்டு சரி. அந்த அரை அங்குலம் எங்கிருந்து வந்தது?

யோசித்து எழுது. அவசரமே இல்லை.

அண்ணன்

&nbsp;

ஜூலை 20

அண்ணாவுக்கு,

அந்தச் சேதியைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. "அவ வர்ற வண்டியாடா" என்று கேட்டாளா? நீ என்ன பதில் சொன்னாய்? வந்துவிடுவாள் என்றாவது சொன்னாயா?

உன் கேள்விக்கு அவர் தலைகீழாக நின்று பார்த்தார், தெரியவில்லை. ரயில்வே நூலகத்தில் ஒரு புத்தகம் கேட்டு வாங்கிவந்தார், ராத்திரி டியூட்டி முடிந்து வந்த கண்ணோடு எனக்குப் படித்துக்காட்டினார். ரோமாபுரிக் காலத்துத் தேர்களுக்கு இரண்டு குதிரை பூட்டுவார்களாம். இரண்டு குதிரையின் இடுப்பு அகலத்துக்குத் தேரின் அச்சு. தேர் ஓடி ஓடிப் பாதையில் விழுந்த பள்ளத்தில்தான் பின்னால் வண்டிகள் ஓடின, அதே அகலத்தில்தான் தண்டவாளமும் போட்டார்கள். அதனால்தான் எட்டரை என்று முழுசாக இல்லாமல் வந்தது. குதிரையின் இடுப்பில் முழு அங்குலமும் அரை அங்குலமும் பார்க்க முடியுமா? இதுதான் என் பதில். சரியாகத்தான் இருக்கும், அச்சுப் போட்ட புத்தகத்தில் இருக்கிறதே.

உனக்கு ஒரு பொருள் வைத்திருக்கிறேன். அவர் மூன்று மாதம் அலைந்து வாங்கினார். என்னவென்று சொல்லமாட்டேன், நேரில்தான் தருவேன். நீ மட்டும்தான் ஆட்டம் ஆடுவாயா?

அம்மாவிடம் நான் கட்டாயம் வருவேன் என்று சொல். கூட்ஸ் வண்டியிலாவது வருவேன்.

உன் தங்கை

&nbsp;

ஆகஸ்ட் 9

கடைசிப் பெட்டிக்கு,

சுகம்.

தப்பு. சிவப்பு.

தேர்க் கதையை நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. ஊரெல்லாம் சொல்கிற கட்டுக்கதை. முதலில் நிலக்கரி தள்ளுகிற வண்டிகளுக்கு நாலு அடி எட்டு அங்குலத்தில்தான் பாதை போட்டார்கள். வளைவுகளில் சக்கரம் தண்டவாளத்தை இறுக்கிப் பிடித்தது. சக்கரம் கொஞ்சம் அசைந்து கொடுக்க இடம் வேண்டுமென்று அரை அங்குலம் அகட்டினார்கள். அவ்வளவுதான். குதிரையும் இல்லை, இடுப்பும் இல்லை.

ஆகவே இந்தக் கடிதத்தில் அம்மா இல்லை.

மூன்றாவது கேள்வி. ஒரு ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பின்புறம் மட்டும் ஏன் விளக்கு மாட்டுகிறார்கள்?

அண்ணன்

&nbsp;

ஆகஸ்ட் 23

அண்ணாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேனா என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நன்றாக இல்லை. உன் கடிதத்தைப் பிரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உறைக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை. நீயெல்லாம் மனுஷனா?

சக்கரம் வளைவில் கஷ்டப்படக் கூடாது என்று அந்தக் காலத்து ஆட்கள் இரும்புக்கே அரை அங்குலம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். உனக்கு அதைக் கேள்வியாகக் கேட்கத்தான் தெரிகிறது.

அவர் நேரே கிளம்பி வருகிறேன் என்றார். நான்தான் காலைப் பிடிக்காத குறையாக நிறுத்தினேன். போன தடவை மாதிரி அம்மா திரும்பவும் விழுந்தால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

உன் மூன்றாவது கேள்விக்குப் பதில், இதற்கு எனக்கு எந்தப் புத்தகமும் வேண்டாம். ஸ்டேஷனைத் தாண்டுகிற ஒவ்வொரு வண்டியையும் அங்கே இருக்கிறவர் கடைசி வரை பார்க்க வேண்டும். கடைசிப் பெட்டியில் விளக்கு தெரிந்தால் வண்டி முழுசாக வந்துவிட்டது, வழியில் எதுவும் கழன்றுபோகவில்லை என்று அர்த்தம். விளக்கைப் பார்க்காமல் அடுத்த வண்டியை அந்தப் பாதையில் விடமாட்டார்கள். பின்னால் யாராவது வந்தால் முன்னே வண்டி நிற்கிறது என்று தெரியவும்தான். மொட்டை மாடியில் என் முதுகில் ஒரு டப்பா மூடியைக் கட்டிவிட்டு நீயே சொல்லித் தந்தது. "நீ இல்லேன்னா வண்டி வந்த கணக்கே இல்ல" என்றாய். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?

இது சரி என்று எனக்குத் தெரியும். அம்மாவைப் பற்றி எழுது. உடனே எழுது.

உன் தங்கை

&nbsp;

செப்டம்பர் 12

கடைசிப் பெட்டிக்கு,

பதில் தாமதம். கொஞ்சம் வேலை இருந்தது. நான் நன்றாகவே இருக்கிறேன், இருமல் மட்டும்.

மூன்றாவது சரி. டப்பா மூடி எனக்கும் ஞாபகம் இருக்கிறது.

உனக்கான சேதி: அம்மாவுக்கு இப்போது வலி இல்லை. கம்பவுண்டரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், ஊசியும் நிறுத்தியாயிற்று. முனகல் சத்தமும் இல்லை. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. கடையிலிருந்து வந்தால் நான் பேசுகிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்கிறது.

இன்னொரு விஷயம், இது சேதியில் சேராது, சும்மா எழுதுகிறேன். நம் வீட்டுப் பின்பக்கப் பாதையில் நவம்பர் பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பழைய கரி எஞ்சின் ஒன்றை ஓட்டப்போகிறார்களாம். கடைசி ஓட்டம். அப்புறம் அது காட்சிக்கு நிற்கப் போய்விடும். பேப்பரில் படம் போட்டிருந்தது. முன்னே நாலு சின்னச் சக்கரம், நடுவே ஆறு பெரிய சக்கரம், பின்னே இரண்டு. அந்த அமைப்புக்கே தனியாக ஒரு பெயர் உண்டு, பசிபிக் என்பார்கள். படத்தைக் கத்தரித்துக் கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். எஞ்சினுக்குள்ளே டிரைவர் பக்கத்தில் ஏறிப்போக வெளியாள் ஒருவருக்குப் பாஸ் தருவார்களாம், அதற்குப் பெரிய இடத்துச் சிபாரிசு வேண்டுமாம். இருபத்தொரு வயதில் கண் பரீட்சையில் என்னைத் தள்ளினார்களே, அன்றையிலிருந்து ஒரு தடவையாவது எஞ்சினுக்குள் நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது உனக்குத் தெரியும். உன் டிரைவரால் ஆகிற காரியம் இல்லை இது. பின்பக்கச் சுவரோரம் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

இரட்டை எஞ்சின் மாட்டி இழுக்கிற மாதிரி கடைசி இரண்டு கேள்வியையும் சேர்த்தே தருகிறேன். நாலாவது: எஞ்சின் ஓட்டுகிறவன் உட்கார்ந்த இடத்திலேயே செத்துப்போனால் வண்டி எப்படி நிற்கும்? ஐந்தாவது: எங்கேயும் நிற்காமல் வேகமாகப் போகிற ரயிலிலிருந்து, வழியில் இருக்கிற ஒரு ஸ்டேஷனில் ஆட்களை எப்படி இறக்கினார்கள்? அடிபடாமல், ரயிலும் வேகத்தைக் குறைக்காமல். நூறு வருஷம் போல இப்படி நடந்திருக்கிறது.

நீ எனக்கு வைத்திருக்கிற பொருள் என்ன? சட்டை என்றால் நிறம் பார்த்து எடுக்காதே, வீண்.

அண்ணன்

&nbsp;

அக்டோபர் 20

என் அருமை அண்ணாவுக்கு,

நீ மாமா ஆகிவிட்டாய்! செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி பெண் குழந்தை. நானும் அவளும் நல்ல சுகம். அம்மாவின் மூக்கு அப்படியே. நீ சண்டைக்கு வரும்போது முறைப்பாயே, அந்த முறைப்பும் இருக்கிறது. அவள் அழுதால் யார்டில் இருக்கிற எஞ்சின் எல்லாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

அம்மாவுக்கு வலி இல்லை என்று நீ எழுதியதைப் படித்து அழுதேவிட்டேன். பிரசவ வலியில்கூட, "அம்மாவுக்கு வலி இல்லை, எனக்கும் போய்விடும்" என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நர்ஸ் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். உன்னை என்னவெல்லாம் திட்டி எழுதிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. அவளைக் குணமாக்கி வைத்திருக்கிறாயே, அது போதும் எனக்கு.

நாலாவது கேள்விக்குப் பதில்: டிரைவர் ஒரு பெடலையோ கைப்பிடியையோ அழுத்திக்கொண்டே இருக்கணும். கையோ காலோ தளர்ந்தால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். ஐந்தாவதுக்கு அவர் நூலகத்தையே கவிழ்த்துப்போட்டுக் கண்டுபிடித்தார். ரயிலின் கடைசிப் பெட்டியை ஓடும்போதே கழற்றிவிடுவார்கள். ரயில் பாட்டுக்குப் போய்விடும். கழன்ற பெட்டி தன் வேகத்திலேயே ஓடிவரும், அதற்குள் இருக்கிற கார்டு பிரேக் போட்டு அதைப் பிளாட்பாரத்தில் நிறுத்துவார். ரயில் திரும்பிக்கூடப் பார்க்காது. சரிதானே? இந்த முறை தேர்க் கதை இல்லையே?

சரியென்றால் கேட்டைத் திறந்து வை. நவம்பர் பத்தாம் தேதி வாக்கில் கிளம்பி வருகிறோம். உனக்கு வைத்திருக்கிற பொருள் ரொம்ப நாள் தாங்காது, அதனால் மறுதபாலில் பதில் போடு. சட்டை இல்லைடா, அதைவிட ஆயிரம் பங்கு. நீ அதை வாங்கும்போது உன் முகத்தைப் பார்க்கணும், அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவின் மடியில் குழந்தையைப் போடணும். அவளிடம் இப்போதே போய்ச் சொல். ஓடு.

உன் கடைசிப் பெட்டி

&nbsp;

நவம்பர் 1

கடைசிப் பெட்டிக்கு,

குழந்தை நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

இரண்டும் சரி. கேட் திறந்திருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் வா.

உனக்கு இரண்டு சேதி சேர வேண்டும். முதலாவது, அம்மா ஆகஸ்ட் பதினேழாம் தேதி காலை போய்விட்டாள். கம்பவுண்டரும் கடை முதலாளியும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். எல்லாவற்றையும் நானே முடித்துவிட்டேன். நான் உனக்குப் பொய் எதுவும் எழுதவில்லை, எடுத்துப் படித்துப் பார். வலி இல்லை என்று எழுதினேன். இல்லைதானே?

இரண்டாவது, உன் குதிரை இடுப்புக் கடிதம் ஜூலைக் கடைசியில் வந்தது. அப்போதே டாக்டர் நாள் குறித்துவிட்டார். பதில் சரியாக இருந்தால் "உடனே கிளம்பி வா" என்று எழுத நினைத்திருந்தேன். உனக்குத் தபால் சேர்ந்து நீ வந்து சேர்ந்திருந்தால் ஒரு நாளாவது அவள் உன் கையைப் பிடித்திருப்பாள். அரை அங்குலம் உனக்குத் தெரியவில்லை. சட்டம் சட்டம்தான். கடைசிவரை ஒவ்வொரு வண்டிக்கும் கேட்டாள், அவ வர்ற வண்டியா என்று.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பாய். அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் நான் சிக்னலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் டிரைவர், "சிவப்பு எது பச்சை எதுன்னே தெரியாதவர் எனக்கு சிக்னல் சொல்லித்தர்றாரே" என்றார். அவர் சொன்னது எனக்கு வலிக்கவில்லை. உண்மையைத்தான் சொன்னார், அவர் அந்நியர். அம்மா சிரிக்கவில்லை. நீ சிரித்தாய். குடித்த தண்ணீர் மூக்கில் ஏறும்வரை சிரித்தாய். எனக்குக் கண் பரீட்சை வந்தபோது ராத்திரி பகலாக அட்டையைக் காட்டிக்காட்டி எனக்கு நிறம் சொல்லிக்கொடுத்தவள் நீ. நான் தோற்றுவந்து அழுதபோது கூட அழுதவள். ஊரில் யார் வேண்டுமானாலும் சிரித்திருக்கலாம், நீ சிரித்திருக்கக் கூடாது.

குழந்தை பிறந்த கடிதத்தை அவள் அறையில் நின்று சத்தமாகப் படித்தேன். கட்டிலை எடுத்தாயிற்று, வெறும் அறைதான். நீ ஓடு என்று எழுதியிருந்தாயே, அதனால் படித்தேன்.

இப்போது மனசு ஆறிவிட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வா. இருமல் விடவில்லை. வீட்டில் பேச ஆள் இல்லை. பதினாறாம் தேதி எஞ்சினை மூன்று பேருமாகச் சேர்ந்து சுவரோரம் நின்று பார்க்கலாம். உன் டிரைவரும் வரட்டும்.

அண்ணன்

&nbsp;

நவம்பர் 14, வெள்ளிக்கிழமை

அண்ணாவுக்கு,

குழந்தை சுகம். அவரும் சுகம். என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. உன் கடிதம் ஐந்தாம் தேதி வந்தது. அன்றையிலிருந்து எனக்குப் பால் கட்டிக்கொண்டது, குழந்தைக்குப் புட்டிப்பால்தான்.

நாங்கள் வரப்போவதில்லை. பூட்டினாலும் திறந்தாலும் இனிமேல் அது உன் கேட்.

நான் சிரித்தது எனக்கு ஞாபகமே இல்லை. சிரித்திருப்பேன். நீ சொன்ன பிறகு யோசித்துப் பார்க்கிறேன், சிரித்திருக்கக் கூடாதுதான். ஒரு வார்த்தை "ஏன்டி சிரிச்சே" என்று கேட்டு, என் கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் உன் காலில் விழுந்திருப்பேன். அம்மாவை வைத்தா பழிவாங்குவாய்?

உனக்கு வைத்திருந்த பொருளை இதோடு அனுப்புகிறேன். நீ பேப்பரில் படம் பார்த்தாயே, அந்தக் கரி எஞ்சினின் கடைசி ஓட்டத்துக்கு டிரைவர் அவர்தான். எஞ்சினுக்குள் ஏறிப்போக வெளியாள் ஒருவருக்கான பாஸ் இது. உன் பெயரில் இருக்கிறது. அன்றைக்கு மேஜையில் பேசியதற்குப் பரிகாரமாக, ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கி, கெஞ்சி வாங்கினார். ஜூலையிலேயே கைக்கு வந்துவிட்டது. பெரிய இடத்துச் சிபாரிசு எதுவும் இல்லை. என் மச்சானுக்கு ரயில் என்றால் உயிர் சார், என்று சொல்லியே வாங்கினார்.

உன் கடிதம் வந்த பிறகும் அவர், "பாவம்டி, மனுஷன் ஒரு தடவை ஏறிப் பாத்துட்டுப் போகட்டும். இன்னைக்கே போஸ்ட் பண்ணிடு" என்றார். அன்றைக்கே போட்டிருந்தால் ஒன்பதாம் தேதி உன் கையில் இருந்திருக்கும். நான் அலமாரியில் வைத்துவிட்டேன். தினமும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை. இன்று வெள்ளிக்கிழமை, இன்றுதான் தபாலில் போடுகிறேன். உனக்குச் செவ்வாய்க்கிழமை கிடைக்கும். இப்போது நீ இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது அந்த எஞ்சின் காட்சிக்குப் போய் நின்றுவிட்டிருக்கும், இனி நகராது.

ஞாயிற்றுக்கிழமை பின்பக்கச் சுவரோரம் நின்றிருப்பாய். நன்றாகப் பார்த்திருப்பாய். எஞ்சினுக்குள் அவருக்கு எதிர்ப்பக்கம் ஒருவர் நிற்கிற இடம் காலியாக இருந்திருக்கும், அது உன்னுடையது. வீட்டைத் தாண்டும்போது நீளமாக விசில் அடிக்கச் சொல்லியிருந்தேன், அடித்திருப்பார். நீ கையைக்கூட ஆட்டியிருப்பாய்.

நீ ரொம்ப வருஷம் நன்றாக இருக்கணும் அண்ணா. கண்ணும் இப்படியே இருக்கணும். ஒவ்வொரு வண்டி போகும்போதும் இது உனக்கு ஞாபகம் வரணும்.

உன் தங்கை

பி.கு.: பாஸ் பச்சை நிறம். உனக்குத் தெரியாதே என்று எழுதுகிறேன்.